வீட்டிலுள்ளோர் அனைவரும் பார்க்கத்தக்க நகைச்சுவைப் படம் எது?

சிகிச்சை முடிந்து வீடு திரும்புவோரின் குடும்பத்தினர், மாத்திரை, பத்தியம் ஆகியவற்றைக் கேட்டறிந்த பின்னர், "பொழுது போகச் சிரிப்புப் படம் ஏதேனும் போட்டுக் காட்டலாமா?" என்றும் வினவுவதுண்டு. தாராளமாகக் காட்டலாம். ஆயினும் பனவடலிசத்திரம் வட்டாரத்தில் ஒரே தொலைக்காட்சியின் முன் பாட்டி முதல் பேரன் வரை அமர்வதே வழக்கமாதலால், படத்தைத் தேர்ந்தெடுப்பதில் சிறிது கவனம் வேண்டும்.

முதலில் காண வேண்டியது தணிக்கைச் சான்றிதழ். 'யு' எனில் எல்லோரும் காணலாம். 'ஏ' எனில் வயது வந்தோர்க்கு மட்டும். இடைப்பட்ட 'யுஏ' பிரிவு, 2023ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் 7+, 13+, 16+ என மூன்றாகப் பகுக்கப்பட்டுள்ளது. கைப்பேசியில் துண்டு துண்டாக வரும் நகைச்சுவைக் காட்சிகளில் இக்குறிகளைக் காண இயலாது.

ஆனால் சான்றிதழ் வயதை மட்டுமே பார்க்கிறது, நோயைப் பார்ப்பதில்லை. பக்கவாதத்தால் நாக்குழறிப் பேசும் தந்தையை அருகில் அமர்த்திக்கொண்டு, திக்கிப் பேசுபவரைக் கேலி செய்யும் காட்சிக்கு நாம் சிரித்தால், அவர் மறுநாள் பேசவே தயங்குவார். பேச்சுப் பயிற்சியில் இருப்பவர்க்கு அத்தயக்கம் பெருந்தடை. 'ஆங்க் மிச்சோலி' என்னும் இந்தி நகைச்சுவைப் படம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் அளித்த தீர்ப்பு இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. மாற்றுத்திறனாளிகளை இழிவுபடுத்தும் நகைச்சுவை வேறு, அவர்தம் நிலையைப் புரிந்துகொள்ள உதவும் நகைச்சுவை வேறு என்று அது பிரித்துக் காட்டியது. தமிழ்ப் படங்களிலும் உடல் பருமன், நிறம், மனநோய் ஆகியவை எளிதில் கேலிப் பொருளாகிவிடுகின்றன. நம் வீட்டில் அத்துன்பம் உடையவர் இருப்பின் அப்படத்தைத் தவிர்த்தலே நன்று.

கதையையும் முன்னரே அறிந்துகொள்வது நலம். 2004இல் வெளிவந்த 'வசூல்ராஜா எம்.பி.பி.எஸ்.' நமக்கும் மிகப் பிடித்த படமே. மருத்துவர்களாகிய எம்மையும் நன்றாகவே கிண்டல் செய்கிறது! எனினும் புற்றுநோயுற்ற இளைஞன் ஒருவன் இறக்கும் காட்சி அதில் உண்டு. அதே நோய்க்குச் சிகிச்சை பெறுபவர்க்கு முன்னறிவிப்பின்றி அதைக் காட்டுதல் தகாது. அவரே விரும்பிக் கேட்டால் வேறு செய்தி.

1964இல் ஸ்ரீதர் இயக்கிய 'காதலிக்க நேரமில்லை' போன்ற படங்களில் இவ்வச்சம் குறைவு. நாகேஷ் கதை சொல்ல, பாலையா மிரளும் காட்சிக்கு இன்றைய சிறுவர்களும் சிரிப்பதைக் காண்கிறோம்.

வயிற்றில் அறுவை சிகிச்சை செய்துகொண்டோர் மட்டும் சில வாரங்கள் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். பலமாகச் சிரித்தால் தையல் இடும் இடம் வலிக்கும். சிறு தலையணை ஒன்றைத் தையலின்மேல் மென்மையாக அணைத்துக்கொண்டு பார்க்கலாம். வலி மிகுந்தால் படத்தை நிறுத்திவிடுங்கள். மீதியை நாளை பார்த்துக்கொள்ளலாம்.