தண்டவாளத்தின் மேல் நடந்த யுத்தம்

காந்திஜியை ரயிலிலிருந்து இறக்கிவிட்ட பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஸ்டேஷனைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் நம்மில் இருக்க முடியாது. 1893 ஜூன் மாதத்துக் குளிர் இரவில், முதல் வகுப்பு டிக்கெட் கையில் இருந்தும் அவர் பிளாட்பாரத்தில் தள்ளப்பட்டார். ஆனால் அந்த ஸ்டேஷன் எந்தப் பாதையில் இருக்கிறது, அந்தப் பாதை எங்கே போகிறது என்று யோசித்தவர்கள் குறைவு. ரயில்வேயிலேயே காலம் தள்ளிய எனக்கு அந்தக் கேள்விதான் முதலில் எழுந்தது.

டர்பன் துறைமுகத்தில் தொடங்கி, மாரிட்ஸ்பர்க், எஸ்ட்கோர்ட், ஃப்ரீர், சீவ்லி, கொலென்ஸோ, லேடிஸ்மித் என்று மேட்டு நிலத்தில் ஏறி, நியூகாஸிலைத் தாண்டி டிரான்ஸ்வால் எல்லையை நோக்கிப் போகும் பாதை அது. அகலம் மூன்றடி ஆறங்குலம். நம் மீட்டர் கேஜைவிட இரண்டரை அங்குலத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். காந்திஜி இறக்கிவிடப்பட்ட ஆறாண்டுகளில் இதே பாதையை ஒட்டித்தான் போயர் யுத்தத்தின் ஆரம்பச் சண்டைகள் மூண்டன.

யார் இந்தப் போயர்கள்? 1652 முதல் தென்னாப்பிரிக்காவின் முனையில் குடியேறிய டச்சுக்காரர்களின் வழிவந்தவர்கள். 'போயர்' என்றால் அவர்கள் மொழியில் விவசாயி. ஆங்கிலேயர் ஆட்சி பிடிக்காமல் உள்நாட்டுக்கு மாட்டுவண்டி கட்டிக்கொண்டு போய், டிரான்ஸ்வால், ஆரஞ்ச் ஃப்ரீ ஸ்டேட் என்று இரண்டு குடியரசுகளை அமைத்துக்கொண்டார்கள். அந்த நிலத்தில் ஏற்கெனவே வாழ்ந்த ஆப்பிரிக்கர்களை அவர்கள் எப்படி நடத்தினார்கள் என்பது தனிக் கதை. 1886-ல் டிரான்ஸ்வாலில் தங்கம் கிடைத்தது. அப்புறம் சொல்ல வேண்டுமா? 1899 அக்டோபர் 11-ல் தொடங்கிய யுத்தம் 1902 மே 31 வரை நீடித்தது. பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் தன் பல பாகங்களிலிருந்தும் சுமார் நான்கரை லட்சம் பேரை அங்கே இறக்கியது. செலவு 20 கோடி பவுனுக்கு மேல். எதிரே இருந்த போயர் வீரர்கள் ஒரு லட்சம்கூட இல்லை.

யுத்தத்தின் தொடக்கத்திலேயே போயர்கள் லேடிஸ்மித் நகரை வளைத்துக்கொண்டார்கள். முற்றுகை 118 நாள் நடந்தது. ஊருக்குப் பக்கத்துக் குன்றின் மேல் போயர்கள் நிறுத்திய பெரிய பீரங்கி வெடிக்கும்போதெல்லாம் மணியடித்து ஊராரை எச்சரித்தவர் பிரபு சிங் என்ற இந்தியக் கூலித் தொழிலாளி. குண்டு தன் மேல் விழலாம் என்று தெரிந்தும் அவர் இடத்தை விட்டு நகரவில்லை என்று காந்திஜி எழுதியிருக்கிறார்.

முற்றுகையை உடைக்கத் தெற்கேயிருந்து பிரிட்டிஷ் படை ரயில் பாதையைப் பிடித்துக்கொண்டே வந்தது. 1899 நவம்பர் 15-ல் எஸ்ட்கோர்ட்டிலிருந்து இரும்புக் கவசம் பூட்டிய ரயில் ஒன்று சீவ்லி வரை வேவு பார்க்கப் போனது. திரும்பும் வழியில் போயர்கள் தண்டவாளத்தில் கற்களைப் போட்டு வைத்திருந்தார்கள். இறக்கத்தில் வேகமாக வந்த வண்டியின் முன்புற டிரக்குகள் தடம் புரண்டன. பத்திரிகை நிருபராக அதில் போயிருந்த வின்ஸ்டன் சர்ச்சில் குண்டு மழைக்கு நடுவே பாதையைச் சரிசெய்து எஞ்சினைத் தப்பவைத்துவிட்டு, தாம் பிடிபட்டார். எவ்வளவு தடிமனான கவசம் பூட்டினாலும் சக்கரத்தின் விளிம்பு ஓர் அங்குலம் சொச்சம்தான். அதைத் தூக்கிவிட ஒரு கல் போதும்.

டிசம்பர் 15-ல் கொலென்ஸோவில் பிரிட்டிஷார் பெருந்தோல்வி கண்டார்கள். அங்கேதான் காந்திஜி திரட்டிய இந்திய ஆம்புலன்ஸ் படை முதலில் களம் இறங்கியது. மொத்தம் சுமார் 1,100 பேர். அவர்களில் 800 பேர் ஒப்பந்தக் கூலிகள். சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறிய நம்மவர்கள் அவர்களில் நிறைய. நேட்டால் ரயில்வேயில் பாதைக்கு ஜல்லி கொட்டியவர்களிலும் அப்படிப்பட்ட கூலிகள் உண்டு. ஜனவரியில் ஸ்பியான் கோப் சண்டைக்குப் பிறகு, ரயில் எட்டாத இடத்திலிருந்து காயம்பட்டவர்களை டோலியில் சுமந்து இருபது, இருபத்தைந்து மைல் நடந்து சேர்த்தார்கள். தம் மனம் போயர்கள் பக்கமே சாய்ந்தது என்றும், பிரிட்டிஷ் பிரஜை என்று உரிமை கேட்பவன் கடமையையும் செய்ய வேண்டும் என்று எண்ணியே போனதாகவும் காந்திஜி பின்னால் எழுதினார்.

ஜிரோவார்ட் என்ற எஞ்சினியர்

மேற்கே கேப்டவுனிலிருந்து டிரான்ஸ்வால் தலைநகர் பிரிட்டோரியாவுக்கு ரயில் பாதை ஆயிரம் மைலுக்கு மேல். பெரும்பகுதி ஒற்றைப் பாதை. லட்சக்கணக்கான வீரர்களுக்கும் குதிரைகளுக்கும் வேண்டியதெல்லாம் இந்தக் குறுகிய பாதைகளில்தான் போயாக வேண்டும். இந்தப் பொறுப்பை ஏற்றவர் பெர்சி ஜிரோவார்ட் என்ற கனடா நாட்டு ராணுவ எஞ்சினியர். சூடான் பாலைவனத்தில் கிச்சனருக்கு ரயில் பாதை போட்டுக் கொடுத்தவர். அப்போது வயது முப்பத்திரண்டு.

அவர் முதலில் செய்தது பாலம் கட்டியதல்ல. ராணுவ அதிகாரி எவரும் ஸ்டேஷன் மாஸ்டருக்கு நேரடியாக உத்தரவு போடக் கூடாது என்று ஏற்பாடு செய்தார். படைக்கும் ரயில்வேக்கும் நடுவே தனி அதிகாரிகளை நிறுத்தி, எந்தக் கோரிக்கையும் அவர்கள் வழியாகவே வரவேண்டும் என்றார். வேகனைக் கிடங்காக நினைத்து நிறுத்தி வைப்பதும், கர்னல் ஒருவர் தம் வண்டிதான் முதலில் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதும் ரயில்வேயைக் கொல்லும் வியாதிகள் என்பது அவருக்குத் தெரியும். 2001 டிசம்பரில் நம் ராணுவம் மேற்கு எல்லைக்கு நகர்ந்த நாட்களில் நான் ஒரு ஜங்ஷனில் பணியில் இருந்தேன். காலி செய்யாத வேகன்கள் யார்டை அடைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துத் தூக்கம் தொலைத்தவன் என்ற முறையில், ஜிரோவார்டுக்கு ஒரு கும்பிடு போடத் தோன்றுகிறது.

பின்வாங்கிய போயர்கள் ஆரஞ்ச் நதியின் பாலங்களை வெடி வைத்துத் தகர்த்தார்கள். நார்வல்ஸ் பான்ட்டில் ஜிரோவார்டின் ஆட்கள் நதி மட்டத்தை ஒட்டித் தாழ்வாக ஒரு தற்காலிகப் பாதை போட்டார்கள். 1900 மார்ச் மாதம் முடிவதற்குள் அதில் வண்டி ஓடிவிட்டது. ஜூன் 5-ல் பிரிட்டோரியாவும் வீழ்ந்தது. யுத்தம் முடிந்தது என்றே லண்டனில் நினைத்தார்கள்.

பாதைக்காக எரிந்த வீடுகள்

முடியவில்லை. போயர்கள் சிறு சிறு குதிரைப் படைகளாகப் பிரிந்தார்கள். நாட்டின் மேல் பிரிட்டிஷாருக்கு இருந்த பிடி அந்த இரண்டு தண்டவாளங்கள்தான் என்பதை அவர்கள் புரிந்துகொண்டிருந்தார்கள். ஜூன் 7-ல் டி வெட் என்ற தளபதி ரூடேவால் ஸ்டேஷனைத் தாக்கி, படைக்கு வந்து குவிந்திருந்த துணிமணி, குண்டுகள், தபால் மூட்டைகள் எல்லாவற்றையும் எடுத்தது போக மீதியைக் கொளுத்தினார். அதன் பிறகு இன்று இங்கே கல்வெர்ட், நாளை அங்கே பாலம் என்று ஆயிரம் மைல் பாதையில் தினமும் எங்காவது ஒரு வெட்டு. ஒரு கேங் சரிசெய்துவிட்டு நிமிர்வதற்குள் அடுத்த இடத்தில் வெடிக்கும்.

பிரிட்டிஷ் தளபதி லார்ட் ராபர்ட்ஸ் அந்த ஜூன் மாதமே ஓர் அறிவிப்பு வெளியிட்டார். எங்கே ரயில் பாதை உடைக்கப்படுகிறதோ, அங்கே பக்கத்தில் உள்ள வீடுகள் எரிக்கப்படும் என்றது அது. ஊர்ப் பெரிய மனிதர்களைப் பிணையாக ரயிலில் ஏற்றிச் செல்லவும் உத்தரவு வந்தது. அதைச் சீக்கிரமே கைவிட்டார்கள். வீடு எரிப்பது நிற்கவில்லை. கிச்சனர் பொறுப்பேற்ற பின் அது பாதைக்குப் பக்கம் என்ற எல்லையையும் தாண்டியது. எரிந்த பண்ணை வீடுகள் சுமார் முப்பதாயிரம்.

பாதை நெடுகிலும் தகரத்தால் காவல் அரண்கள் எழுப்பினார்கள். ரைஸ் என்ற எஞ்சினியரின் யோசனை. இரண்டு நெளிதகடுகளுக்கு நடுவே கூழாங்கல்லைக் கொட்டினால் துப்பாக்கிக் குண்டு துளைக்காது. செலவோ வெகு சொற்பம். முள்கம்பி வேலியால் இணைத்து, முடிவில் சுமார் 8,000 அரண்கள் நின்றன. தொழில் தெரிந்தவனாகப் பார்த்தால் மெச்சத்தக்க வேலைதான். ஆனால் அந்த வேலிக்குள் எரிந்த வீடுகளின் பெண்களும் குழந்தைகளும் எங்கே போவார்கள்?

அவர்களைத் திறந்த டிரக்குகளில் ஏற்றி, பாதையோரம் அமைத்த கூடார முகாம்களில் இறக்கினார்கள். பாதையோரம் என்பது தற்செயலல்ல. ஏற்றி வருவதற்கும், உணவு கொண்டுவருவதற்கும், காவலுக்கும் அதுதான் வசதி. வந்துசேர்ந்த பின்தான் வினை. அதே ஒற்றைப் பாதையில் படைக்கு வேண்டியது போன பிறகே முகாமுக்கு வேண்டியது வரும். பீரங்கிக் குண்டும் குதிரைத் தீவனமும் முந்திக்கொள்ள, பாலும் சோப்பும் விறகும் பின்தங்கின. டைம்டேபிள் போடும் மேசையில் யாரும் ஒரு குழந்தையைக் கொல்ல உத்தரவு எழுதியிருக்க மாட்டார்கள். எந்த வண்டிக்கு முன்னுரிமை என்று மட்டும்தான் எழுதியிருப்பார்கள்.

எமிலி ஹாப்ஹவுஸ் என்ற ஆங்கிலப் பெண்மணி, நாற்பது வயதானவர், இதைக் கேள்விப்பட்டுத் தாமே புறப்பட்டு வந்தார். 1901 ஜனவரியில் நிவாரணப் பொருள் ஏற்றிய ஒரே ஒரு ரயில் டிரக்குடன் புளூம்ஃபான்டீன் சேர்ந்தார். அதற்கு மேல் போகக் கிச்சனர் அனுமதிக்கவில்லை. அவர் அங்கே கண்டது, ஒரே கூடாரத்தில் பத்து, பன்னிரண்டு பேர், போதாத தண்ணீர், அம்மை, டைஃபாய்டு. ஊர் திரும்பி அவர் கொடுத்த அறிக்கை பிரிட்டனை உலுக்கியது. எதிர்க்கட்சித் தலைவர் கேம்ப்பெல்-பானர்மன் இது காட்டுமிராண்டித்தனம் என்று பகிரங்கமாகப் பேசினார். எமிலிக்குத் துரோகி என்ற பட்டம் கிடைத்தது. அக்டோபரில் மறுபடி கப்பலில் வந்தபோது கேப்டவுனில் கரையிறங்கவே விடாமல் திருப்பி அனுப்பினார்கள். அதே அக்டோபரில்தான் முகாம்களில் சாவு உச்சத்தைத் தொட்டது. அரசாங்கமே அனுப்பிய பெண்கள் குழு ஒன்றும் எமிலி சொன்னதை ஏறக்குறைய உறுதி செய்த பிறகே நிலைமை சீரடையத் தொடங்கியது.

யுத்தத்துக்குப் பின் எடுத்த கணக்கில் போயர் முகாம்களில் இறந்தவர்கள் 27,927 பேர். அவர்களில் இருபத்திரண்டாயிரத்துக்கு மேல் பதினாறு வயதுக்குட்பட்ட குழந்தைகள். போர்முனையில் இறந்த போயர் வீரர்களைப் போல இது பல மடங்கு.

இன்னொரு கணக்கும் உண்டு. போயர் பண்ணைகளில் வேலை செய்த கறுப்பின மக்களையும் பெயர்த்து, அதே ரயில் பாதைகளை ஒட்டித் தனி முகாம்களில் வைத்தார்கள். லட்சம் பேருக்கு மேல். ஆண்கள் ராணுவத்துக்கு உழைக்க வேண்டும், சாப்பாட்டைக் காசு கொடுத்து வாங்க வேண்டும் அல்லது பயிரிட்டுக்கொள்ள வேண்டும். பதிவான சாவு மட்டும் பதினாலாயிரத்துக்கு மேல். பதிவாகாதவற்றையும் சேர்த்து இருபதாயிரம் இருக்கும் என்கிறார்கள் ஆராய்ந்தவர்கள். வேகனுக்கு நம்பர் போட்டு, எங்கே நிற்கிறது என்று கணக்கு வைத்த நிர்வாகம் இந்த மனிதர்களுக்கு ஒழுங்காகக் கணக்கு வைக்கவில்லை.

பிடிபட்ட போயர் வீரர்களைக் கடல் கடத்தினார்கள். இலங்கையில் தியத்தலாவைக்கு ஒரு கூட்டம். இந்தியாவுக்குச் சுமார் ஒன்பதாயிரம் பேர் வந்தார்கள். அகமத்நகர், பெல்லாரி, அமிர்தசரஸ் மட்டுமல்ல, நம் திருச்சியிலும் நீலகிரிக் கேத்தியிலும் முகாம்கள் இருந்தன. கேத்திக்கு அப்போது ரயில் கிடையாது. மலை ரயில் குன்னூரோடு நின்றிருந்தது.

சமாதானம் ஏற்பட்டதும் பிரிட்டிஷாரும் போயர்களும் கை குலுக்கிக்கொண்டார்கள். கறுப்பர்களுக்கு ஓட்டுரிமை என்ற பேச்சு உடன்படிக்கையிலேயே தள்ளிப்போடப்பட்டது. டோலி சுமந்த நம்மவர்கள் நிலையும் மாறவில்லை. ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாத கூலிகள் மீது நேட்டால் விதித்த ஆண்டுக்கு மூன்று பவுன் வரி அப்படியே இருந்தது.

அதை எதிர்த்து 1913-ல் நியூகாஸில் சுரங்கத் தொழிலாளர்கள் காந்திஜியோடு டிரான்ஸ்வால் எல்லையை நோக்கி நடந்தார்கள். 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள். தமிழர்கள் ஏராளம். எல்லை தாண்டிப் பல நாள் நடந்த பிறகு, நவம்பர் 10-ல் பால்ஃபர் ஸ்டேஷனில் அவர்களுக்காக மூன்று ஸ்பெஷல் ரயில்கள் காத்திருந்தன. எல்லோரையும் ஏற்றி, வந்த வழியே நேட்டாலுக்குக் கொண்டுபோய், சுரங்க வளாகங்களைச் சுற்றிக் கம்பி வேலி போட்டு, அவற்றையே சிறைகள் என்று அறிவித்தார்கள்.

அப்போது உள்துறையை வைத்திருந்தவர் ஸ்மட்ஸ். பதினோரு ஆண்டுகளுக்கு முன் பிரிட்டிஷாரை எதிர்த்துக் குதிரையில் திரிந்த போயர் தளபதி அவர். முகாம்களில் இறந்த பெண்கள், குழந்தைகளுக்குப் புளூம்ஃபான்டீனில் எழுப்பிய நினைவுத்தூண் அந்த டிசம்பர் 16-ல் திறக்கப்பட இருந்தது. திறந்துவைக்க அழைக்கப்பட்டிருந்தவர் எமிலி ஹாப்ஹவுஸ். வழியிலேயே உடல்நலம் கெட்டு அவரால் விழாவுக்குப் போய்ச்சேர முடியவில்லை. அந்த நிலையிலும் அவர் ஸ்மட்ஸுக்குக் கடிதம் எழுதினார், இந்தியர்களுக்காக. 1914-ல் மூன்று பவுன் வரி நீக்கப்பட்டது. ஜூலையில் காந்திஜி கேப்டவுனில் கப்பலேறினார்.