ஒன்று இரண்டாகத் தெரிந்தால்...

லண்டனில் தாமஸ் அலெக்ஸாண்டர் மக்பீன் என்ற 45 வயது வியாபாரி எலும்பு வலியால் அவதிப்பட்டு, 1846 ஜனவரி 1-ஆம் தேதி காலமானார். அவருடைய சிறுநீரில் ஒரு விசித்திரமான புரதத்தை டாக்டர் ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் கண்டறிந்தார். இன்று மல்டிபிள் மைலோமா எனப்படும் ரத்தப் புற்றுநோய் அது. அதன் வரலாற்றில் முதல் வரிசையில் நிற்பவர் நம் தொழில்காரர்தான்!

எலும்பு மஜ்ஜையில் பெருகும் இந்நோய் எலும்பை அரித்து ஓட்டையாக்கும். முதுகுவலி, சோர்வு, ரத்தசோகை, சிறுநீரகக் கோளாறு ஆகியவை வழக்கமான அறிகுறிகள். மூட்டை தூக்கியதால் வந்த வலி என்று நாம் தைலம் தேய்த்துக்கொண்டிருப்போம்.

அபூர்வமாக இது மண்டையோட்டின் அடித்தளத்தைத் தாக்கும். மூளையிலிருந்து கண்ணுக்கும் முகத்துக்கும் போகும் நரம்புகள் அங்குள்ள துவாரங்கள் வழியாகத்தான் வெளிவருகின்றன. கட்டி அழுத்தினால், கண்ணை வெளிப்பக்கம் திருப்பும் ஆறாவது நரம்பு செயலிழக்கலாம். அப்போது கையிலுள்ள பேரேடு ஒன்றாகவே தெரியும். எதிர்க்கடைப் பெயர்ப்பலகை இரண்டாகத் தெரியும். ஒரு கண்ணை மூடினால் சரியாகிவிடும். கண்ணாடியை மாற்றிப் பயனில்லை. சிலருக்குக் கீழுதடும் முகவாயும் மரத்துப்போய், சவரம் செய்யும்போது பிளேடு படுவதே தெரியாது.

சர்க்கரை நோயாலும் இதே நரம்பு பாதிக்கப்படுவதுண்டு. அது பெரும்பாலும் சில மாதங்களில் தானே சரியாகும். ஆகவே டாக்டர் முதலில் சர்க்கரையை நினைப்பதில் தவறில்லை. ஆனால் நெடுநாள் எலும்பு வலியும் சோர்வும் இருப்பதை நாம் சொன்னால்தானே அவருக்குத் தெரியும்? கல்லாவை விட்டு எழுந்திருக்க மனமில்லாமல் பையனை அனுப்பி வலி மாத்திரை வாங்கி விழுங்குவது நம்மிடையே உள்ள கெட்ட வழக்கம். மைலோமா உள்ளவருக்கு அம்மாத்திரைகளில் பல சிறுநீரகத்தையே கெடுத்துவிடும்.

ரத்த அணுக்கள், கால்சியம், கிரியாட்டினின், புரதப் பரிசோதனை, சிறுநீர் ஆகியவற்றில் தடயம் கிடைக்கும். எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் மஜ்ஜைப் பரிசோதனையும் நோயை உறுதிசெய்யும். கதிர்வீச்சால் கட்டி சுருங்கும்; தாமதமின்றிச் செய்தால் நரம்பு மீள வாய்ப்பு அதிகம். நோயை அடியோடு ஒழிப்பது பெரும்பாலும் இயலாதெனினும், 1999-இல் தாலிடோமைடு பலன் தருவது தெரிந்த பிறகு போர்ட்டிசோமிப், லெனலிடோமைடு என்று மருந்துகள் வந்துள்ளன. இவற்றுடன் தகுந்தவர்களுக்கு அவர்களுடைய சொந்த ஸ்டெம் செல்களையே திரும்பச் செலுத்தும் சிகிச்சையும் உண்டு. சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி. ஆகியவற்றில் இந்நோய்க்குச் சிகிச்சை பெறலாம். போகும்போது பழைய ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளையும், சாப்பிட்ட மாத்திரைகளின் அட்டைகளையும் தவறாமல் எடுத்துச் செல்லுங்கள்.