பட்டியலில் தாயின் இடம்

1990-களின் நடுவில் தான்சானியாவின் மொரோகோரோ மாவட்டத்தில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். அகால மரணத்தால் அந்த மாவட்டத்து மக்கள் இழந்த ஆயுளில் சுமார் 30 விழுக்காடு மலேரியாவால் போனது. மாவட்டத்தின் சுகாதாரச் செலவில் மலேரியாவுக்குக் கிடைத்ததோ 5 விழுக்காடு. இதில் சதி எதுவும் இல்லை. போன வருடத்து பட்ஜெட்டை எடுத்து, ஒவ்வொரு வரியிலும் கொஞ்சம் கூட்டி, வெளிநாட்டு நன்கொடையாளர் எதற்கென்று பணம் அனுப்புகிறாரோ அதற்கும் ஒரு வரி சேர்த்து மேலே அனுப்பிவிடுவார்கள். அன்று திட்டமிடல் என்றால் அவ்வளவுதான். பல நாடுகளில் பல அலுவலகங்கள் இன்றும் இதைத்தான் செய்கின்றன என்பதால் தான்சானியாவை மட்டும் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சொல்லப்போனால், 'யாருக்கு முதலில்?' என்ற கேள்வியை உரக்கக் கேட்ட ஆப்பிரிக்க நாடுகளில் அதுவும் ஒன்று. நாட்டின் சோஷலிசப் பாதையை அறிவித்த 1967-இன் அருஷா பிரகடனத்துக்குப் பிறகு அதிபர் ஜூலியஸ் நைரேரேயின் அரசு, நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிகளை நோக்கிப் போய்க்கொண்டிருந்த பணத்தைக் கிராமத்துப் பக்கம் திருப்பியது. 1970-களில் கிராமங்களில் டிஸ்பென்சரிகளும், அவற்றுக்கு அடுத்த நிலையில் சுகாதார நிலையங்களும் எழுந்தன. பிறகு எண்ணெய் விலை ஏற்றம், உகாண்டாவோடு போர், கடன் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1980-களில் கட்டடம் இருந்தது, மருந்து இல்லை. 1993-இல் அரசு ஆஸ்பத்திரிகளில் கட்டணம் வந்தது. கர்ப்பிணிகளுக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் விலக்கு உண்டு என்று எழுதிவைத்தார்கள். ஆனால் பிரசவத்துக்குப் போகும் பெண்கள் பல இடங்களில் கையுறை, பிளேடு, தொப்புள்கொடி கட்ட நூல், கீழே விரிக்க பிளாஸ்டிக் தாள் எல்லாவற்றையும் தங்கள் காசில் வாங்கிக்கொண்டுதான் போனார்கள்.

மொரோகோரோ கணக்குக்குப் பின்னால் ஒரு சோதனை இருந்தது. ஏழை நாடுகள் தலைக்கு ஆண்டுக்கு 12 டாலர் அளவில், சரியான சிகிச்சைகளைப் பொறுக்கியெடுத்துச் செலவழித்தால் நோய்ச்சுமையைப் பெரிதும் இறக்கிவிடலாம் என்று உலக வங்கி 1993-இல் சொன்னது. சரி, செய்துதான் பார்ப்போமே என்று கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆய்வு மையமும் தான்சானியச் சுகாதார அமைச்சகமும் மொரோகோரோ, ருஃபிஜி ஆகிய இரண்டு மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்தன. வீடு வீடாகப் போய், யார் இறந்தார், இறப்பதற்கு முன் என்ன செய்தது என்று கேட்டு எழுதினார்கள். அதை மாவட்ட அதிகாரிகள் ஒரு பார்வையில் புரிந்துகொள்ளும் பட்டை வரைபடமாக்கிக் கொடுத்தார்கள். தலைக்கு 2 டாலர் வரை கூடுதலாகத் தரத் தயாராக இருந்தும் மாவட்டங்களால் அதில் பாதியைக்கூடச் செலவழிக்க முடியவில்லை. ஆனால் அந்தச் சில்லறையே போதுமாக இருந்தது. கொசுவலை, குழந்தை நோய்களுக்கு ஒருங்கிணைந்த சிகிச்சை முறை, மருந்து வழங்கலில் ஒழுங்கு என்று பணம் இடம் மாறியதும், ஐந்தாறு ஆண்டுகளில் குழந்தை மரணம் 40 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. எதற்கு முதலிடம் என்பதை இறந்தவர்களின் எண்ணிக்கையைப் பார்த்து முடிவு செய்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியை நான் கண்டதில்லை.

குழந்தைகளுக்கு.

தாயின் கதை வேறு. நாடு முழுவதும் ஐந்து வயதுக்குள் இறக்கும் குழந்தைகள் 1,000 பிறப்புக்கு 2004-05-இல் 112 பேர், 2010-இல் 81, 2015-16-இல் 67. ஒரே சீராக இறங்கிவந்திருக்கிறது. அதே தேசியக் கணக்கெடுப்புகளில் பிரசவத்தை ஒட்டி இறந்த தாய்மார்கள் 1,00,000 பிறப்புக்கு 1996-இல் 529, 2004-05-இல் 578, 2010-இல் 454, 2015-16-இல் மறுபடியும் 556. இருபது வருடம் ஓடி, கிட்டத்தட்ட புறப்பட்ட இடத்திலேயே நின்றிருக்கிறது.

ஏன் என்று யோசிக்க ஒரு சின்னக் கணக்கு உதவும். ருஃபிஜி மாதிரி 2 லட்சம் பேர் வாழும் மாவட்டத்தில் ஆண்டுக்கு 8,000 பிரசவம் என்று வைத்துக்கொள்வோம். 2004-05-இன் விகிதப்படி அங்கே ஏறத்தாழ 900 குழந்தைகள் ஐந்து வயதைத் தாண்ட மாட்டார்கள். தாய்மார்களில் 46 பேர் இறப்பார்கள். 2,000 பேர் வாழும் ஒரு கிராமத்தில் அது இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு சாவு. அந்த வீட்டுக்கு அது இடி. பட்டை வரைபடத்திலோ மெல்லிய கோடு. காப்பாற்றும் செலவும் ஒன்றல்ல. கொசுவலையைக் கட்டிலில் கட்டிவிட்டால் அது தன் வேலையைச் செய்யும். பிரசவத்துக்குப் பின் இரத்தம் நிற்காமல் போகும் பெண்ணுக்கு இரண்டு மணி நேரத்துக்குள் மருந்தும் இரத்தமும் தெரிந்த கையும் வேண்டும். பிள்ளை குறுக்கே நின்றுவிட்டால் அறுவை அரங்கு, மயக்க மருந்து, இரவில் மின்சாரம், அங்கே போய்ச்சேர ஒரு வண்டி எல்லாம் வேண்டும். ஒரு டாலருக்கு எத்தனை ஆண்டு ஆயுள் என்று மட்டும் கேட்டால் இந்தப் பெண் ஒவ்வொரு வருடமும் பட்டியலின் அடியில்தான் இருப்பாள். கணக்குப் பொய் சொல்லவில்லை. கேட்டதற்குத்தான் பதில் சொன்னது.

ருஃபிஜி ஆற்றைத் தாண்டித் தெற்கே போகும் நெடுஞ்சாலைப் பயணிகள் 2003 வரை படகுத்துறையில் காத்திருந்தார்கள். அந்த வருடம் ம்காப்பா பாலம் திறந்தது. அவசரத்துக்கு வண்டியில் ஏற்றப்பட்ட எத்தனை கர்ப்பிணிகளுக்கு அந்தப் பாலம் உதவியிருக்கும்! ஆனால் அது சாலைத் துறையின் பட்டியலில் இருந்த வேலை. மாவட்டச் சுகாதார அலுவலகத்தின் கூட்டத்தில் அதைப் பேசவே இடமில்லை.

இவ்வளவுக்கும் முன்பே, நாட்டின் மேற்குக் கோடியில், டாங்கனீக்கா ஏரிக்கரையில் இருக்கும் கிகோமாவில் வேறொரு வழி தென்பட்டிருந்தது. அங்கே பிராந்திய ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த டாக்டர் கோட்ஃப்ரே ம்பருகு, 1984 முதல் 1986 வரை நடந்த தாய்மார் மரணங்கள் ஒவ்வொன்றையும் திரும்ப எடுத்துப் பார்த்தார். எந்த இடத்தில் தவறியது, யார் வரவில்லை, எது இல்லை என்று குறித்தார். அதிலிருந்து 22 அம்சங்கள் கொண்ட ஒரு வேலைத்திட்டம் பிறந்தது. வெளிநாட்டுப் பெரும்பணம் எதுவும் வரவில்லை. உள்ளூரில் கிடைப்பதை வைத்தே சமாளிப்பது, பணியாளர்களின் வேலைமுறையையும் நடத்தையையும் திருத்துவது, சிகிச்சைக்கு வரையறை வகுப்பது, ஊராரின் நம்பிக்கையைத் திரும்பப் பெறுவது என்று போனது அது. 1984-இல் 1,00,000 பிறப்புக்கு 933 ஆக இருந்த மரணம் 1991-இல் 186 ஆனது. ஸ்வீடன் மருத்துவர் ஸ்டாஃபன் பெர்க்ஸ்ட்ரோமுடன் சேர்ந்து ம்பருகு இதை 1995-இல் எழுதி வெளியிட்டார். கட்டுரை உலகம் முழுக்க மேற்கோள் ஆனது. நாட்டின் விகிதமோ அசையவில்லை. ஒரு ஆஸ்பத்திரியில் ஒருவர் பிடிவாதமாக நின்று செய்வதை நூற்றுக்கும் மேற்பட்ட மாவட்டங்கள் செய்ய வேண்டுமென்றால், ஒவ்வொரு மாவட்டத்திலும் யாரோ உட்கார்ந்து, அதற்குத்தான் முதலில் என்று முடிவெடுத்தாக வேண்டும்.

அந்த 'யாரோ' யார் என்பதைத்தான் ம்பராலியில் சோதித்தார்கள். ம்பேயா பிராந்தியத்தில், உசாங்கு சமவெளியில், நெல் விளையும் மாவட்டம் அது. 2006 தொடங்கி ஐந்து ஆண்டுகள், தான்சானியாவின் ம்பராலி, கென்யாவின் மாலிண்டி, சாம்பியாவின் கபிரி ம்போஷி ஆகிய மூன்று மாவட்டங்களில், ஐரோப்பிய ஒன்றியத்தின் பணத்தில் ஒரு ஆய்வு நடந்தது. அடிப்படை யோசனை அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே காப்பீட்டு நிறுவனங்கள் எந்தச் சிகிச்சைக்குப் பணம் தருவது என்று முடிவெடுப்பதைப் பார்த்து, தத்துவப் பேராசிரியர் நார்மன் டேனியல்ஸும் மனநல மருத்துவர் ஜேம்ஸ் சேபினும் 1997-இல் ஒரு வாதத்தை வைத்தார்கள். எது நியாயமான பட்டியல் என்பதில் மனிதர்கள் ஒத்துப்போக மாட்டார்கள். பட்டியல் போடும் முறையாவது நியாயமாக இருக்கட்டும். முடிவும் அதன் காரணமும் ஊருக்குத் தெரிய வேண்டும். காரணம், பாதிக்கப்படுபவரும் 'சரி, இதில் அர்த்தம் இருக்கிறது' என்று ஏற்கும்படி இருக்க வேண்டும். ஒப்பாதவர் முறையிட வழி வேண்டும். இதெல்லாம் நடக்கிறதா என்று பார்க்க ஒருவர் வேண்டும்.

அழகான யோசனைதான். ம்பராலியில் அது எதிர்கொண்டது மாவட்டச் சுகாதார நிர்வாகக் குழுவின் மேசையை. முடிவுகளை எடுத்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அதிகாரிகள். மக்கள் பிரதிநிதிகள் உட்காரும் வாரியமும் கமிட்டிகளும் காகிதத்தில் இருந்தன. தாங்கள் எதற்காக அங்கே இருக்கிறோம் என்பது உறுப்பினர் பலருக்கே தெளிவில்லை. டாக்டர் பேசும்போது விவசாயி எதிர்த்துப் பேசுவது எங்கேதான் சுலபம்? அந்த அதிகாரிகளுக்கும் கையில் பெரிதாக ஒன்றுமில்லை. எந்தத் தலைப்பில் எவ்வளவு வரை செலவழிக்கலாம் என்ற உச்சவரம்பு மேலிருந்து வந்தது. பணமும் தாமதமாக வந்தது. பேரம் பேசி ஒரு பட்டியலை எழுதிவிட்டு, பிறகு வந்த பணத்துக்கு ஏற்ப அதைக் கிழிப்பதென்றால் யாருக்கு உற்சாகம் வரும்? ஆனாலும் 'இதை ஏன் விட்டீர்கள்?' என்று கேட்க ஒருவருக்கு உரிமை உண்டு என்ற எண்ணம் அந்த அறைக்குள் நுழைந்தது. அதுவே ஆய்வு விட்டுச்சென்ற பெரிய பலன் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்றைக்குப் படம் பெரிதும் மாறியிருக்கிறது. 2017 வாக்கில் தொடங்கி பணம் மாவட்ட அலுவலகத்தில் தங்காமல் நேரடியாக டிஸ்பென்சரி, சுகாதார நிலையம் ஆகியவற்றின் வங்கிக் கணக்குக்கே போகிறது. செலவுத் திட்டத்தை அந்தந்த நிலையத்தின் கமிட்டி பார்க்கிறது. கையுறை தீர்ந்தால் வாங்க மாவட்டத்தின் கையொப்பத்துக்குக் காத்திருப்பது குறைந்தது. நூற்றுக்கணக்கான சுகாதார நிலையங்களில் அறுவை அரங்கு கட்டப்பட்டது. எம்.பி.பி.எஸ். படிக்காவிட்டாலும் சிசேரியனுக்குப் பயிற்சி பெற்ற உதவி மருத்துவ அலுவலர்களை வைத்து இதைச் செய்யலாம் என்று முன்னதாகவே காட்டிய இடங்களில், 2006 முதல் புளூம்பெர்க் அறக்கட்டளையின் பணம் வந்த கிகோமாவும் ஒன்று. 115 என்ற இலவச எண்ணை அழைத்தால், ஆம்புலன்ஸ் பக்கத்தில் இல்லாவிட்டால் முன்கூட்டியே பதிவு செய்துவைத்த உள்ளூர் டாக்ஸி ஓட்டுநரைப் பிரசவ அவசரத்துக்கு அனுப்பும் 'எம்-மாமா' சேவை, விக்டோரியா ஏரிப் பகுதியில் வெள்ளோட்டம் பார்த்து நாடெங்கும் விரிந்தது. ஓட்டுநரின் கூலி அவர் மொபைலுக்கே வந்துவிடும். 2004-05-இல் 47 விழுக்காடு பிரசவங்கள்தான் மருத்துவ நிலையங்களில் நடந்தன. 2022-இல் 81 விழுக்காடு.

இந்த 81-இல் ஒரு பங்கு பயத்தால் வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். சில மாவட்டங்களில் வீட்டில் பெற்றால் அபராதம் என்று உள்ளூர் விதி போட்டார்கள். சாலை கெட்ட ஊரில், மழைக்காலத்தில், நடுவழியில் வலி எடுத்துப் பெற்றவளுக்கும் அபராதம் என்றால், பட்டியலில் இடம் தராதவர்கள் அதற்கான விலையையும் அவளிடமே வாங்குகிறார்கள்.

2022 கணக்கெடுப்பு தாய்மார் மரணத்தை 104 என்று அறிவித்தது. 556-இலிருந்து 104. அதிபர் சமியா சுலுஹு ஹசனுக்கு இதற்காகக் கேட்ஸ் அறக்கட்டளை 2025-இல் விருது கொடுத்தது. ஐ.நா. அமைப்புகள் மாதிரிக் கணக்கில் போட்ட மதிப்பீடோ 2020-க்கு 238. இரண்டிலும் திசை ஒன்றுதான். அளவில்தான் இரு மடங்குக்கும் மேல் வித்தியாசம். கணக்கெடுப்பில் பெண்களிடம் 'உங்கள் சகோதரிகளில் யாராவது பிரசவத்தை ஒட்டி இறந்தார்களா?' என்று கேட்டுத்தான் இதைத் திரட்டுகிறார்கள். அரிதாக நடக்கும் சாவு என்பதால் பிழைக்கு இடம் அதிகம். இது வல்லுநர்களுக்குள் நடக்கும் சண்டை மட்டும் என்று விட்டுவிட முடியாது. 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தபோது, எதை வெட்டுவது என்ற கேள்வி ஆப்பிரிக்கச் சுகாதார அமைச்சகங்கள் பலவற்றின் மேசைக்கு வந்தது. 104 என்று நம்பும் அதிகாரி, தாய்மார் பிரச்சினை முடிந்தது, அறுவை அரங்கின் ஜெனரேட்டர் டீசலைக் குறைக்கலாம் என்று வாதிட முடியும். 238 என்று நம்புபவர் அதை எதிர்ப்பார்.

2018-இல் காலமான ம்பருகு கிகோமாவில் தனியாளாகச் செய்தது இன்று அரசு விதி. தாய் இறந்தால் 24 மணி நேரத்துக்குள் மேலே தெரிவிக்க வேண்டும். குழு கூடி ஏன் என்று ஆராய வேண்டும். அந்தக் குழுவில் உட்காருபவர்கள் பெரும்பாலும் மருத்துவர்களும் செவிலியர்களும்தான். இறந்தவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்த கணவனோ மாமியாரோ அங்கே பேசுவது அரிது. வீட்டிலிருந்து எப்போது கிளம்பினார்கள், 115-ஐ அழைத்தார்களா, வண்டி வந்ததா, வழியில் எங்கே நின்றது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.