பெர்மாஸ் ஜெயாவில் கோடை எப்போது?



“எங்கள் மாமியார் சித்திரை பிறந்ததும், ‘கத்திரி வெயில் வருகிறது, பிள்ளைகளை வெளியே விடாதே’ என்கிறார். பள்ளிக்குப் போகும் மகனோ, மலேசியாவில் கோடைகாலமே கிடையாது என்று ஆசிரியர் சொன்னதாகச் சொல்கிறான். இதில் யார் சொல்வது சரி?” இப்படி பெர்மாஸ் ஜெயாவிலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கிறார். கணவர் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவர். லயத்து வீட்டை விட்டுக் கல்வீட்டுக்கு வந்த பிறகும், வானத்தைப் பார்த்துத்தான் வீட்டுச் செலவைக் கணக்குப் போட வேண்டியிருக்கிறது என்றும் எழுதியிருக்கிறார். இன்றைய பேச்சு அந்தத் தாயாருக்கும், அவரைப் போன்ற மற்றக் குடும்பங்களுக்கும் உரியது.

முதலில் மகனுடைய கட்சியைப் பார்ப்போம். பெர்மாஸ் ஜெயா ஜொகூர் பாருவுக்குக் கிழக்கே, ஜொகூர் நீரிணையின் ஓரத்தில் இருக்கிறது. எதிர்க்கரையில் சிங்கப்பூர். பூமியின் நடுக்கோட்டிலிருந்து இந்த இடம் வடக்கே ஒன்றரை டிகிரிதான். ஆகையால் ஆண்டு முழுவதும் பகலும் இரவும் ஏறக்குறைய சமமாகவே இருக்கின்றன. மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் பத்து நிமிடம் அளவே வேறுபாடு. சூரியன் நம் தலைக்கு நேர் மேலே ஆண்டில் இரண்டு முறை வருகிறது. மார்ச் கடைசி வாரத்தில் ஒரு முறை, செப்டம்பர் மூன்றாம் வாரத்தில் ஒரு முறை. மற்ற மாதங்களிலும் அது வெகுதூரம் விலகிப் போய்விடுவதில்லை. மிகவும் வெப்பமான மாதத்துக்கும் மிகவும் குளிர்ச்சியான மாதத்துக்கும் சராசரியில் சுமார் 2 டிகிரிதான் வித்தியாசம். பகலில் 31 முதல் 33 டிகிரி, விடியற்காலையில் 23 அல்லது 24 டிகிரி என்பது இங்கே வாடிக்கை. ஆகவே கோடை என்று ஒரு தனிப் பருவம் இல்லை என்று ஆசிரியர் சொன்னது சரியே.

அதற்காக மாமியாரைத் தோற்றவராக்கிவிட வேண்டாம். அவருடைய முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவந்த மாதக்கணக்கு இங்கே முழுவதும் பொருந்தாது. ஆனால் சித்திரையைப் பொறுத்தவரை பொருந்துகிறது. ஏப்ரல், மே மாதங்களில் இங்கே காற்று ஓய்ந்து கிடக்கும். ஒரு பருவக்காற்று முடிந்து மற்றது தொடங்காத இடைவெளி அது. காற்று ஓய்ந்தால் புழுக்கம் ஏறும். 2023 மே 13 அன்று எதிர்க்கரையில், சிங்கப்பூரின் ஆங் மோ கியோவில், 37 டிகிரி பதிவாயிற்று. அந்நாட்டில் அதற்கு முன்பு 1983-இல் ஒரு முறைதான் அவ்வளவு வெப்பம் பதிவாகியிருந்தது. ஆக, பெயர்தான் வேறே தவிர, மாமியாரின் எச்சரிக்கை வீண் அல்ல.

வெப்பமானியின் எண்ணை மட்டும் பார்த்து, “33 டிகிரிதானே, சென்னையில் 40 அடிக்கிறதே” என்று சிலர் சொல்வதுண்டு. இது தவறான ஒப்பீடு. நம் உடம்பு வியர்வையை ஆவியாக்கித்தான் தன்னைக் குளிரவைத்துக் கொள்கிறது. கடலோரமான இவ்விடத்தில் காற்றிலே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை காயாமல் வழிந்து ஓடுகிறது. துணி நனைகிறதே தவிர உடம்பு குளிர்வதில்லை. ஈரம் மிகுந்த நாளில் 32 டிகிரி வெயில் உடம்புக்கு 40 டிகிரி போலவே இருக்கும்.

இங்கே கடிகாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியாவின் நேரம் அரை மணி முன்னே தள்ளப்பட்டது. அதனால் ஜொகூர் பாருவில் சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்கு அல்ல. ஒரு மணிக்குச் சற்றுப் பின்னர்தான். தரை சூடேறிக் காற்றைச் சுடவைக்க மேலும் நேரம் ஆகும். எனவே கொடும் வெயில் என்பது இரண்டு மணி முதல் நான்கு மணி வரை. ‘உச்சி வெயில் போய்விட்டது’ என்று இரண்டு மணிக்குப் பிள்ளைகளைத் திடலுக்கு அனுப்புகிற பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். பழைய கடிகாரத்துக்குப் பழகிய பெரியவர்கள் இன்னும் பன்னிரண்டு மணியையே அஞ்சுகிறார்கள்.

சூரியன் இங்கே பருவத்தை வகுக்கவில்லை என்றால் வேறு எது வகுக்கிறது? காற்றுதான். இரண்டு காற்றுகளைத் தெரிந்துகொண்டால் பெர்மாஸ் ஜெயாவின் ஆண்டு முழுவதும் தெரிந்த மாதிரி.

நவம்பர் முதல் மார்ச் வரை வீசுவது வடகிழக்குப் பருவக்காற்று. தமிழ்நாட்டில் ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை கொட்டச் செய்யும் காற்றின் உறவுதான் இதுவும். அங்கே வங்காள விரிகுடாவைக் கடந்து வருகிறது. இங்கே தென்சீனக் கடலைக் கடந்து வருகிறது. வடக்கே சைபீரியா, சீனா பக்கத்தில் குளிர் இறுகும்போது அங்கிருந்து காற்று அலை அலையாகத் தெற்கே தள்ளப்படுகிறது. கடலின் மேல் நீராவியை வாரிக்கொண்டு வந்து ஜொகூரில் இறக்குகிறது. இது மாலை இடிமழையைப் போல ஒரு மணி நேரத்தில் கொட்டித் தீர்வதில்லை. வானம் சாம்பல் நிறமாக மூடி, இரண்டு மூன்று நாள்களுக்கு விடாமல் பெய்யும். பால்மரம் வெட்டிய குடும்பங்களுக்கு இதன் அருமை பெருமை நன்றாகத் தெரியும். பட்டை ஈரமாக இருந்தால் வெட்டுக்கோட்டில் வரும் பால் மங்குக்குப் போகாமல் மரத்தைச் சுற்றி வழிந்து வீணாகும். விடியற்காலையில் பிரட்டுக்களத்தில் நின்று, மரம் காயுமா காயாதா என்று வானத்தையும் கங்காணியின் முகத்தையும் மாறிமாறிப் பார்த்த நாள்களை மறக்க முடியுமா? டிசம்பரில் சம்பளம் குறைவதும், ஜனவரியில் பள்ளிச் செலவு வருவதும் அந்நாளில் ஒன்றின் பின் ஒன்றாகவே வந்தன.

இந்தக் காற்று சில ஆண்டுகளில் அளவு மீறும். 2006 டிசம்பரில் தொடங்கிய பெருமழையில் கோத்தா திங்கி, சிகாமட், குளுவாங் முதலிய இடங்கள் மூழ்கின. வெள்ளம் வடிந்தது என்று வீடு திரும்பிக் கழுவி முடிப்பதற்குள், 2007 ஜனவரியில் பொங்கலை ஒட்டி இரண்டாவது வெள்ளம் வந்தது. ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் வீடுகளை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. அதற்கு முன்பே 2001 டிசம்பர் 27 அன்று ‘வாமெய்’ என்ற புயல் ஜொகூரின் தென்கிழக்குக் கரையைத் தாக்கியது. நடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகில் புயல் தோன்றாது என்றே அதுவரை பாடப் புத்தகங்கள் சொல்லி வந்தன. புயல் சுழல்வதற்குப் பூமியின் சுழற்சியால் கிடைக்கும் திருப்பம் இங்கே மிகக் குறைவு. இருந்தும் அன்று குளிர்காற்று அலை ஒன்றும் தென்சீனக் கடலின் சுழல் ஒன்றும் சேர்ந்துகொண்டன.

வழக்கமாகப் பிப்ரவரியில் இந்தக் காற்றின் ஈரம் குறைந்துவிடும். வானம் தெளியும், புல் பழுக்கும், பால்மரங்கள் இலையுதிர்க்கும். ஆனால் இயற்கை நாள்காட்டியைப் பார்த்து நடப்பதில்லை. 2023 மார்ச் தொடக்கத்தில், மழை ஓய்ந்துவிட்டது என்று இருந்த வேளையில், யோங் பெங், பத்து பகாட் பகுதிகளில் ஆயிரக்கணக்கானோர் நிவாரண மையங்களில் இருந்தார்கள்.

மே மாத இறுதியிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று. இது சுமத்திரா தீவைத் தாண்டி வருவதால், ஈரத்தில் ஒரு பகுதியை அங்கேயே விட்டுவிடுகிறது. அதனால் மழை சற்றுக் குறைவு. ஆனாலும் இதற்கு ஒரு குறும்பு உண்டு. இரவில் மலாக்கா நீரிணையின் மேல் மேகம் திரண்டு, வரிசை கட்டி, விடிவதற்கு முன்போ விடிந்த உடனேயோ நம் பக்கம் பாய்ந்து வரும். வானிலையாளர்களும் மீனவர்களும் இதைச் ‘சுமத்திரா’ என்றே அழைக்கிறார்கள். மேற்கே கறுப்பாக ஒரு வளைவு தெரியும். திடீரென்று குளிர்ந்த காற்று அடிக்கும். பிறகு ஒன்றிரண்டு மணி நேரம் மழை. பெரியவர்கள் ஆடிக் காற்று என்று சொன்னது பெரும்பாலும் இதைத்தான் என்று நாங்கள் நினைக்கிறோம். பள்ளிப் பேருந்துக்குப் பிள்ளைகள் நிற்கும் நேரம், மோட்டார் சைக்கிளில் வேலைக்குக் கிளம்பும் நேரம் பார்த்துத்தான் இது வரும். முந்தின இரவு வானம் நிறைய நட்சத்திரம் இருந்தது என்பது இதற்குப் பிணை ஆகாது.

இந்தப் பருவத்தில்தான் தீவுக்கு அப்பாலிருந்து புகைமூட்டமும் வருகிறது. 2013 ஜூன் மாதத்தில் மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 700-ஐத் தாண்டி, அங்கே அவசரநிலை அறிவிக்கப்பட்டது. குறியீடு 300-ஐக் கடந்தாலே அபாயம் என்பது கணக்கு.

பசிபிக் பெருங்கடலில் ‘எல் நினோ’ என்னும் வெப்ப மாற்றம் ஏற்படும் ஆண்டுகளில் நம் பக்கம் மழை மேலும் குறையும். 1998 ஏப்ரல் 9 அன்று பெர்லிஸ் மாநிலத்துச் சூப்பிங்கில் 40.1 டிகிரி பதிவானது அப்படிப்பட்ட ஒரு காலத்தில்தான். 2015-இல் மாசாய், பாசிர் கூடாங் வட்டாரத்தில் அணை நீர் இறங்கி, முறை வைத்துக் குழாய்நீர் விட்டார்கள். ஆண்டுக்கு ஏறக்குறைய 2,500 மில்லிமீட்டர் மழை பெறும் ஊரில் வாளியை வரிசையில் வைத்துக் காத்திருந்தோம். சென்னைக்குக் கிடைப்பதே ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர்தான். செம்பனையை நம்பிய வீடுகளுக்கு வறட்சியின் அடி அத்தோடு நிற்பதில்லை. தண்ணீர் போதாத மரம் பெண் பூக்குலைகளைக் குறைத்துக்கொள்ளும். விட்ட குலைகளையும் கருக்கிவிடும். அதன் விளைவு ஓராண்டு, இரண்டாண்டு கழித்து வெட்டுக் கணக்கில் தெரியும். அப்போது நல்ல மழை பெய்துகொண்டிருக்கும். குலை மட்டும் இருக்காது. வெட்டுகிறவர் சோம்பேறியாகிவிட்டார் என்று நினைக்க வேண்டாம்.

இனி வானிலை அறிவிப்பைப் படிப்பது எப்படி என்று பார்ப்போம். மலேசிய வானிலை ஆய்வுத் துறை ஒவ்வொரு மாவட்டத்துக்கும் காலை, மாலை, இரவு என்று பிரித்து அறிவிப்புத் தருகிறது. கைப்பேசியிலும் கிடைக்கிறது. அது பெரும்பாலும் மலாய் மொழியில் வருவதால், சில சொற்களைப் பழகிக்கொள்வது நல்லது. ‘ரிபுட் பெத்திர்’ என்றால் இடியுடன் கூடிய மழை. ‘பெத்தாங்’ என்றால் பிற்பகல். ‘சத்து டுவா தெம்பாட்’ என்றால் மாவட்டத்தில் ஏதோ ஓரிரு இடங்களில் மட்டும். ‘பெபெராப்பா தெம்பாட்’ என்றால் பல இடங்களில். ‘கெபஞாக்கான் தெம்பாட்’ என்றால் பெரும்பாலான இடங்களில். “மழை என்றார்கள், ஒரு சொட்டு விழவில்லை” என்று குறைப்படுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடச் சொற்களைக் கவனிக்காதவர்கள். பிற்பகல் இடிமழை ஒரு சில கிலோமீட்டர் அகலமே இருக்கும். மாசாயில் கொட்டும்போது பெர்மாஸ் ஜெயாவில் துணி காய்ந்துகொண்டிருக்கும். மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த நிலமுனை நம்முடையது. பகலில் தரை சூடானதும் பல பக்கங்களிலிருந்தும் கடற்காற்று உள்ளே வருகிறது. அவை எந்த இடத்தில் மோதிக்கொள்கின்றனவோ அங்கே மேகம் எழும்பும். அந்த இடத்தைக் காலையிலேயே விரல் வைத்துக் காட்ட எவராலும் இயலாது.

பருவ மழைக்கு மூன்று நிற எச்சரிக்கைகள் உண்டு. மஞ்சள், ‘வஸ்பாடா’: கவனமாக இருங்கள். ஆரஞ்சு, ‘புரோக்’: நிலைமை மோசம். சிவப்பு, ‘பஹாயா’: ஆபத்து. ஆரஞ்சு வரும்போதே அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ்களை ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி மேலே வைத்துவிட வேண்டும். கடலோர வீடுகளில் கடல் ஏற்ற நேரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஏற்றத்தின்போது வாய்க்கால் நீர் கடலுக்குள் இறங்காமல் பின்வாங்கும்.

வெப்பத்துக்கும் அளவு வைத்திருக்கிறார்கள். தொடர்ந்து மூன்று நாள் உச்ச வெப்பம் 35 முதல் 37 டிகிரி வரை போனால் முதல் நிலை. 37-க்கு மேல் 40 வரை வெப்ப அலை. அதற்கும் மேல் கடும் நிலை. ஜொகூர் பாரு அரிதாகவே முதல் நிலையை எட்டும். ஆனால் முன்னே சொன்ன ஈரத்தை மறந்துவிடக் கூடாது. வெயிலில் வேலை செய்கிறவர் பேச்சுக் குழறி, நிலை தடுமாறினால், “மயக்கம், சற்றுப் படுத்தால் சரியாகும்” என்று விட்டுவிடாதீர்கள். நிழலுக்குத் தூக்கி வந்து, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 999-ஐ அழையுங்கள். நினைவு தெளியாதவருக்கு வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

கடைசியாக இடியைப் பற்றி, அந்தத் தாயாரின் கணவருக்காக. நம் வட்டாரத்தில் ஆண்டின் பாதி நாள்களுக்கு நெருக்கமாக இடி முழங்குகிறது. உயர்ந்த செம்பனையில் குலை வெட்டும் நீண்ட கம்பு அலுமினியத்தால் ஆனது. அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெட்டவெளியில் நிற்பதைவிட ஆபத்தான நிலை வேறில்லை. மின்னலைக் கண்டதும் ஒன்று, இரண்டு என்று வினாடிகளை எண்ணுங்கள். மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால், மின்னல் பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அடுத்தது உங்கள் மேலேயே விழலாம். கம்பைத் தரையில் கிடத்திவிட்டு, மரத்தடியிலோ சுவரில்லாத கொட்டகையிலோ ஒதுங்காமல், கட்டடத்துக்குள் அல்லது மூடிய லாரியின் முன்னறைக்குள் போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும்வரை வெளியே வர வேண்டாம். ஏப்ரல், மே, அக்டோபர் மாதங்களில் அறிவிப்பில் ‘ரிபுட் பெத்திர், பெத்தாங்’ என்று இருந்தால், அன்றைய வெட்டை விடிந்ததும் தொடங்கிப் பிற்பகலுக்கு முன் முடித்துக்கொள்ள முடியுமா என்று தோட்டத்தில் முதல்நாளே கேட்டு வைக்கச் சொல்லுங்கள்.