மெயில் போகும் பாதை – 9: உறைமேல் இருக்கும் பெயர்

அனுப்பிய மெயில் திரும்பி வந்தால் நம்மில் பலர் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. 'மெயிலர் டீமன்' என்ற பெயரில் வந்து நிற்கும் அந்த நீளமான ஆங்கிலக் கடிதத்தைக் கண்டதும் கை நேராக அழிக்கும் பட்டனுக்குப் போய்விடுகிறது. மெயில் எந்த இடத்தில் நின்றது, யார் நிறுத்தினார்கள், ஏன் நிறுத்தினார்கள் என்று சொல்லக்கூடியது அந்தக் கடிதம்தான். அதன் நடுவில் எங்காவது '550 5.1.1' என்பது போல ஓர் எண் இருக்கும். இந்த வாரம் அந்த எண்ணிலிருந்து தொடங்குவோம்.

முதல் இலக்கம் 4 என்றால் 'இப்போது முடியாது, பிறகு வா' என்று பொருள். அனுப்பும் சர்வர் மெயிலைத் தன் வரிசையில் வைத்துக்கொண்டு, இடைவெளி விட்டு மறுபடி மறுபடி முயலும். நாலைந்து நாள் பார்த்துவிட்டுத்தான் கைவிடும். 5 என்றால் 'முடியாது, மறுபடி வராதே'. புள்ளி வைத்து எழுதிய மூன்று எண்கள் காரணத்தைச் சொல்கின்றன. 5.1.1 என்றால் அந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை. 5.1.2 என்றால் @ குறிக்கு வலப்பக்கம் இருக்கும் டொமைனே தவறு. 5.2.2, பெட்டி நிரம்பிவிட்டது. 5.7.1 என்றால் முகவரியில் பிழை இல்லை, ஆனால் இந்த மெயிலுக்கு அனுமதி இல்லை. 'மெயில் போகமாட்டேங்குது' என்று யாராவது வந்தால் முதலில் கேட்க வேண்டியது இந்த எண்ணைத்தான். எண் தெரியாமல் செட்டிங்கை மாற்ற ஆரம்பித்தால் இருக்கிற கோளாறோடு புதிதாக இரண்டு சேர்ந்துகொள்ளும்.

சர்வர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் முறை 1982 ஆகஸ்டில் ஆர்எஃப்சி 821 என்ற ஆவணமாக வந்தது. எழுதியவர் தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவனத்தில் பணியாற்றிய ஜான் போஸ்டல். பின்னாளில் எத்தனையோ சேர்ந்தாலும் பேச்சின் முதுகெலும்பு இன்றுவரை மாறவில்லை. அனுப்பும் சர்வர் முதலில் தன் பெயரைச் சொல்கிறது. பிறகு 'மெயில் ஃப்ரம்' என்று அனுப்புநரின் முகவரி. அடுத்து 'ஆர்சிபிடி டு' என்று பெறுநரின் முகவரி. பத்துப் பேர் என்றால் பத்துமுறை. ஒவ்வொரு பெயருக்கும் எதிர்ச் சர்வர் தனித்தனியாகப் பதில் சொல்லும். 250 என்றால் சரி, 550 என்றால் இல்லை. இதெல்லாம் முடிந்த பிறகுதான் 'டேட்டா' என்று சொல்லிக் கடிதத்தை அனுப்புகிறது.

முதலில் சொன்ன அந்த இரண்டு முகவரிகளும் சேர்ந்ததுதான் உறை. கடிதத்தின் தலைப்பில் நம் கண்ணுக்குத் தெரியும் 'டு' என்ற வரி உறைக்குள் இருக்கும் தாளில் எழுதியது. பட்டுவாடா செய்யும்போது வழியில் எந்த சர்வரும் அதைப் பார்க்காது. 'பிசிசி' போட்டு அனுப்பினால் பெயர் தெரியாமலே கடிதம் போய்ச் சேர்வது இதனால்தான்: பெயர் உறைமேல் இருக்கிறது, தாளில் இல்லை. யாருக்கோ எழுதியது போன்ற குப்பை மெயில் நம் பெட்டியில் விழுவதும் இதே காரணத்தால். ஆகவே முகவரிச் சிக்கலைத் தேடுகிறவர் திரையில் தெரியும் கடிதத்தை வெறித்துப் பார்த்துப் பயனில்லை. உறையில் என்ன இருந்தது என்பது சர்வரின் லாகில்தான் பதிவாகியிருக்கும்.

ஒரு மாவட்டத் தலைநகரில் உள்ள பள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன். மெயில் சேவையை வெளி நிறுவனம் ஒன்றுக்கு மாற்றியிருந்தார்கள். ஆபீஸ் முகவரிக்கு எல்லா மெயிலும் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. பள்ளியின் வெப்சைட்டில் அட்மிஷன் விசாரணைக்காக ஒரு படிவம் இருந்தது. அதில் பெற்றோர் நிரப்பி அனுப்பியது மட்டும் வரவில்லை.

"சார், ஜிமெயில்லேர்ந்து போட்டா உடனே வருது. நம்ம வெப்சைட்லேர்ந்து மட்டும் ஒண்ணும் வரமாட்டேங்குது. ஃபார்ம் போட்டவங்களுக்கு 'நன்றி'ன்னும் காட்டுது" என்றார் ஆபீஸ் பொறுப்பாளர்.

"ஸ்பாம்ல பாத்தீங்களா?"

"எல்லாம் பாத்தாச்சு சார். அங்கயும் இல்ல."

வெளியிலிருந்து வருவது வருகிறது, உள்ளிருந்து போவது மட்டும் போகவில்லை என்ற அந்த ஒரு வாக்கியத்திலேயே நோய் பாதி தெரிந்துவிடுகிறது. வெப்சைட் ஓடிய சர்வரில் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் மென்பொருள் இருந்தது. லாகைத் திறந்தால் ஒவ்வொரு படிவத்துக்கும் ஒரு வரி. பெறுநராக ஆபீஸ் முகவரி, எழுத்துப் பிழை ஏதுமில்லை. அதன் பக்கத்தில் 'ரிலே=லோக்கல்'. வரியின் கடைசியில் 'ஸ்டேட்டஸ்=பவுன்ஸ்டு', அடைப்புக்குறிக்குள் 'அன்நோன் யூசர்'. கண் நிற்க வேண்டிய இடம் அந்த 'லோக்கல்'. வெளி நிறுவனத்துக்குப் போக வேண்டிய கடிதத்தை இந்த சர்வர் வாசலைத் தாண்டவே விடவில்லை. 'இது என் டொமைன்தானே' என்று தன்னிடமே பட்டுவாடா செய்யப் பார்த்து, ஆபீஸ் என்ற பெயரில் தன்னிடம் ஆள் இல்லாததால் திருப்பிவிட்டிருக்கிறது.

எதை வைத்து அது தன் டொமைன் என்று நினைத்தது? போஸ்ட்ஃபிக்ஸின் அமைப்புக் கோப்பில் 'மைடெஸ்டினேஷன்' என்று ஒரு வரி உண்டு. எந்தெந்த டொமைனுக்கு இந்த இயந்திரமே கடைசி இடம் என்ற பட்டியல் அது. டெபியன், உபுண்டு இரண்டிலும் போஸ்ட்ஃபிக்ஸை நிறுவும்போது 'சிஸ்டம் மெயில் நேம் என்ன?' என்று ஒரு கேள்வி வரும். பலரும் யோசிக்காமல் தங்கள் டொமைன் பெயரைக் கொடுக்கிறார்கள். அது அப்படியே மைடெஸ்டினேஷனில் போய் உட்கார்ந்துகொள்ளும். மெயில் பெட்டிகள் அதே இயந்திரத்தில் இருந்தால் அது சரிதான். பெட்டிகள் வேறிடத்துக்குப் போன பிறகும் அந்தப் பெயர் பட்டியலில் இருந்தால், ஒரு டொமைனின் மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவைப் பார்த்து உலகமே சரியான இடத்துக்கு அனுப்பும்போது இந்த ஒரு சர்வர் மட்டும் அதைப் பார்க்காது. பார்க்கத் தேவையில்லை என்று அதற்குச் சொல்லியிருக்கிறோம்.

திருத்தம் ஒரு வரிதான். பட்டியலிலிருந்து டொமைனை எடுத்துவிட்டு, போஸ்ட்ஃபிக்ஸை ரீலோட் செய்தோம். அடுத்த படிவம் வந்துவிட்டது. அதைவிட முக்கியமானது, பழைய கடிதங்கள் அழியவில்லை. படிவத்தை அனுப்பியது வெப் சர்வரின் கணக்கு என்பதால், உறையில் அனுப்புநராக இருந்ததும் 'டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா' என்ற அந்தக் கணக்குதான். திரும்பிய ஒவ்வொரு மெயிலும் அந்தக் கணக்கின் பெட்டியில், யாரும் திறக்காத ஒரு ஃபைலில், பெற்றோர் எழுதிய விவரங்களோடு வரிசையாகச் சேர்ந்திருந்தது. பிள்ளைக்கு இடம் கிடைக்குமா என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தவர்களின் பெயரும் போன் நம்பரும் அதில் இருந்தன. வெப்சைட்டில் படிவம் வைத்திருக்கும் ஒவ்வொரு நிறுவனமும் அந்தப் படிவத்தின் திரும்பும் முகவரியாக ஒரு மனிதர் படிக்கும் பெட்டியைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

போஸ்ட்ஃபிக்ஸை எழுதியவர் வீட்ஸே வெனெமா. ஐபிஎம்மின் வாட்சன் ஆய்வு மையத்தில் இருந்தபோது எழுதினார், 1998இல் வெளியானது. பெறுநர் முகவரிகளை வகை பிரித்துப் பார்ப்பது அதன் அடிப்படை. இயந்திரத்தின் சொந்தப் பயனர்களுக்கான டொமைன் ஒரு வகை, தனிப் பெட்டிகள் கொண்ட விர்ச்சுவல் டொமைன் இன்னொரு வகை, வேறொரு சர்வருக்குக் கைமாற்றிவிட வேண்டியது மற்றொன்று. ஒரு டொமைன் இவற்றில் ஒரே பட்டியலில்தான் இருக்க வேண்டும். இரண்டில் இருந்தால் லாகில் எச்சரிக்கை வரும். அதைப் படிக்காமல் விட்டவர்கள்தான் 'சில சமயம் போகிறது, சில சமயம் போகவில்லை' என்று வருவார்கள். இன்னொரு சில்லறைக் கோளாறு: பெயர்ப் பட்டியலைத் திருத்திவிட்டு 'போஸ்ட்மேப்' ஓட்ட மறந்துவிடுவது. சர்வர் படிப்பது நாம் திருத்திய டெக்ஸ்ட் ஃபைலை அல்ல, அதிலிருந்து உண்டாக்கிய அட்டவணையை.

இதுவரை சொன்னது இருக்கிற ஆளை இல்லை என்று சொன்ன கதை. இல்லாத ஆளை இருக்கிறார் என்று சொல்வது அதைவிட மோசம் என்பது என் கருத்து. 'எந்த மெயிலும் தவறிவிடக் கூடாது' என்று நினைத்து, @ குறிக்கு முன்னால் எந்தப் பெயர் வந்தாலும் வாங்கிக்கொள்ளும்படி பலர் அமைத்துவைக்கிறார்கள். 'கேட்ச்-ஆல்' என்று இதற்குப் பெயர். பெயர்களை ஊகித்து ஊகித்து அனுப்பும் குப்பை மெயில்காரர்களுக்கு இது திறந்த வாசல். பெயரைத் தப்பாக அடித்த வாடிக்கையாளருக்குத் தன் பிழை தெரியாமலே போய்விடும்.

இதே தவறு பெரிய இடங்களில் வேறு வடிவில் வருகிறது. முதன்மை சர்வர் நின்றுபோனால் வாங்கிவைக்க ஒரு மாற்று சர்வர் இருக்கும். அதற்குப் பெயர்ப் பட்டியலைக் கொடுத்திருக்க மாட்டார்கள். அது எல்லாவற்றுக்கும் 250 சொல்லி வாங்கிவிடும். கடிதம் முழுவதையும் வாங்கி 250 சொன்ன கணமே பொறுப்பு கைமாறிவிடுகிறது: இனி சேர்ப்பிப்பதோ, சேரவில்லை என்று அனுப்புநருக்குத் தெரிவிப்பதோ வாங்கியவர் கடமை. பிறகு முதன்மை சர்வர் 'அப்படி யாரும் இல்லை' என்று மறுக்கும். மாற்று சர்வர் திரும்பல் கடிதம் எழுதி உறையில் கண்ட அனுப்புநருக்கு அனுப்பும். குப்பை மெயிலில் அந்த அனுப்புநர் முகவரி பெரும்பாலும் திருடியது. அனுப்பாத கடிதத்துக்கெல்லாம் திரும்பல் வந்து குவிவதை அனுபவித்தவர்களுக்கு அந்த எரிச்சல் தெரியும். இதற்கு 'பேக்ஸ்கேட்டர்' என்று பெயர். செய்கிற சர்வரின் முகவரி கறுப்புப் பட்டியலிலும் ஏறலாம்.

ஆகவே மறுப்பதாக இருந்தால் 'ஆர்சிபிடி டு' சொல்லும்போதே, எதிராளி இணைப்பில் இருக்கும்போதே மறுக்க வேண்டும். அப்போது செய்தி உண்மையில் அனுப்பியவருக்கே போகிறது. போஸ்ட்ஃபிக்ஸ் 2.0 முதல், இயந்திரத்தின் சொந்தப் பயனர்களைப் பொறுத்தவரை இதுவே இயல்பான அமைப்பு. கைமாற்றிவிடும் டொமைனுக்குப் பட்டியல் கொடுப்பது நம் பொறுப்பு. பட்டியல் சரியா என்ற சந்தேகம் இருக்கும் நாளில் 'சாஃப்ட் பவுன்ஸ்' என்ற அமைப்பை இயக்கிவைத்தால் எல்லா 5-உம் 4 ஆக மாறும். பிழையிருந்தாலும் மெயில் அனுப்பியவரின் வரிசையில் காத்திருக்கும், நமக்குத் திருத்த அவகாசம் கிடைக்கும். வேலை முடிந்ததும் அதை அணைத்துவிட வேண்டும்.

@ குறிக்கு இடப்பக்கத்தை என்ன பொருளில் எடுத்துக்கொள்வது என்பதைக் கடைசியாக வாங்கும் சர்வர் மட்டுமே தீர்மானிக்கலாம். வழியில் வேறு யாருக்கும் அந்த உரிமை இல்லை. இது ஆரம்பம் முதல் உள்ள விதி. ஜிமெயில் தன் முகவரிகளில் புள்ளியைக் கணக்கில் எடுப்பதில்லை; அது அவர்கள் வீட்டு வழக்கம். அதைப் பார்த்து மற்ற டொமைன்களிலும் புள்ளியை நீக்கிச் சேமித்தால் கடிதம் வேறு யாருக்கோ போகும். பெயருக்குப் பின்னால் கூட்டல் குறி போட்டுத் துணைப்பெயர் சேர்ப்பதும் செல்லும் முகவரிதான். அதைப் 'பிழை' என்று தள்ளும் படிவங்கள் எத்தனை!

இந்த விதி தமிழ் முகவரிகளில் நேராக வந்து மோதுகிறது. .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என்ற தமிழ் டொமைன் முடிவுகள் இருக்கின்றன. இடப்பக்கமும் தமிழில் எழுதுவதற்கான தர ஆவணங்கள் 2012இல் வந்துவிட்டன. போஸ்ட்ஃபிக்ஸ் 3.0இல் அதற்கான வசதி வந்தது. ஆனால் வழியில் ஒரு சர்வர் இந்த வசதி இல்லாததாக இருந்தால் மெயில் அங்கேயே நின்று திரும்பும். டொமைனையாவது ஆங்கில எழுத்துகளாக மாற்றிக் கொடுக்க முறை உண்டு. இடப்பக்கத்தை அப்படி மாற்ற நடுவில் இருப்பவருக்கு அனுமதி இல்லை. தமிழ் முகவரி தருகிறவர்கள் அதே பெட்டிக்கு ஓர் ஆங்கில எழுத்து முகவரியையும் சேர்த்தே தருவது இப்போதைக்கு அவசியம்.

கண்ணால் பிடிக்க முடியாத ஒரு கோளாறும் உண்டு. 'பொன்னி' என்று ஒரு பெட்டி இருப்பதாக வைத்துக்கொள்வோம். 'பொ' என்பதை யூனிகோடில் இரு விதமாகச் சேமிக்கலாம்: ப-வோடு ஒகரக் குறி ஒன்றாக, அல்லது ப-வோடு ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்றே. யுடிஎஃப்-8இல் முதலாவது 18 பைட், இரண்டாவது 21 பைட். பட்டியலில் ஒரு விதமாகவும் உறைமேல் இன்னொரு விதமாகவும் இருந்து, சர்வர் பைட்டுகளை மட்டும் ஒப்பிட்டால், இருக்கிற பொன்னிக்கு 5.1.1 வரும். இடப்பக்கத்துக்கு 64 பைட் என்ற எல்லை இருப்பதால், ஒவ்வொரு குறிக்கும் 3 பைட் எடுக்கும் தமிழில் நீளமான பெயர்களும் இடிக்கும். இரண்டு வடிவங்களையும் ஒன்றாக்கும் முறைக்கு என்எஃப்சி என்று பெயர். பெட்டி திறக்கும் இடத்திலும், பெறுநரைத் தேடும் இடத்திலும், முகவரி வாங்கும் படிவத்திலும் அதை ஓட்ட வேண்டும். தமிழ் முகவரி தர முன்வரும் எந்த நிறுவனத்திடமும் நாம் முதலில் கேட்டு வாங்க வேண்டிய உறுதி இது.

(தொடரும்)