குளிர்சாதனம் ஏன் ஓய்வதில்லை?

பத்தாம் வகுப்பு, 'அ' பிரிவு

சித்திரை பிறந்ததும் நம் விருதுநகர் மாவட்டத்தில் வெயில் தன் முழு வலிமையையும் காட்டத் தொடங்குகிறது. கரிசல் மண் பாளம் பாளமாக வெடிக்கிறது. கடற்காற்று நம் ஊர்வரை எட்டுவதில்லை. அக்கினி நட்சத்திர நாட்களில் நண்பகலில் மொட்டைமாடியில் வெறுங்காலுடன் நிற்க எவராலும் இயலாது. இந்நாட்களில் ஏ.சி. வைத்திருக்கும் இல்லங்களில் ஒரே பேச்சுத்தான் கேட்கிறது. "காலையில் போட்டது, இன்னும் நிற்கவே இல்லையே! கெட்டுப் போய்விட்டதோ?" என்பதே அது. மெக்கானிக் வருகிறார், கேஸ் நிரப்புகிறார், பணம் பெற்றுச் செல்கிறார். அதன் பின்பும் அது ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. அடுத்து வரும் மின்கட்டணமோ வீட்டுச் செலவுக் கணக்கையே குலைத்துவிடுகிறது.

இது உண்மையில் பழுதா, அன்றி இயற்கையா? அறிவியல் வகுப்பில் நாம் கற்றவற்றைக் கொண்டே இவ்வினாவிற்கு விடை காண்போம்.

அச்சகத்தில் பிறந்த இயந்திரம்

குளிர்சாதனத்தின் பிறப்பு வரலாறு சிவகாசி வட்டாரத்தாருக்குப் பெரிதும் வியப்பளிக்கும். அது மனிதர் சுகத்திற்காகப் பிறந்ததன்று, காகிதத்திற்காகப் பிறந்தது! அமெரிக்காவில் நியூயார்க் நகரைச் சேர்ந்த புரூக்ளினில் ஓர் அச்சகம் இருந்தது. பல வண்ணப் படங்களை அச்சிட ஒரே தாளை ஒவ்வொரு வண்ணத்திற்கும் ஒருமுறை இயந்திரத்தில் செலுத்த வேண்டும். காற்றில் ஈரம் ஏறினால் தாள் விரியும்; ஈரம் குறைந்தால் சுருங்கும். எனவே வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்தாமல் விலகிப் போயின. இத்தொல்லையைத் தீர்க்க 1902ஆம் ஆண்டு வில்லிஸ் கேரியர் என்னும் 25 வயதுப் பொறியாளர், குளிர்ந்த குழாய்களின் மேல் காற்றைச் செலுத்தி அதன் ஈரத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பை உருவாக்கினார். இன்றைய ஏ.சி.யின் மூதாதை அதுவே.

நம் சிவகாசியின் கதை வேறு. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசும் அச்சுத் தொழிலும் இங்கு வேரூன்றின. இம்மூன்றிற்குமே ஈரம் பகை. உலர்ந்த காற்றே துணை. அமெரிக்காவில் இயந்திரம் கொண்டு பெற்ற உலர்காற்றை இறைவன் நமக்கு இலவசமாகவே தந்தான். அத்துடன் வெயிலையும் சேர்த்துத் தந்துவிட்டான்!

மண்பானை கற்பிக்கும் பாடம்

ஏ.சி. குளிரை உண்டாக்குகிறது என்று பலரும் நினைக்கின்றனர். அது சரியன்று. குளிர் என்று தனியாக ஒரு பொருள் இல்லை. வெப்பம் குறைந்த நிலையே குளிர். ஏ.சி. செய்வதெல்லாம் அறையிலுள்ள வெப்பத்தை எடுத்து வெளியே கொண்டுபோய்க் கொட்டுவதே.

எப்படி எடுக்கிறது? நம் சமையலறை மண்பானையைப் பாருங்கள். அதன் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகிறது. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தைப் பானைத் தண்ணீரிலிருந்தே எடுத்துக்கொள்வதால் உள்ளிருக்கும் நீர் குளிர்கிறது. ஏ.சி.யிலும் இதுவே நடக்கிறது. நீருக்குப் பதிலாக எளிதில் ஆவியாகும் ஒரு திரவம் மூடிய குழாய்களுக்குள் சுற்றி வருகிறது. அறைக்குள் இருக்கும் குழாயில் அது ஆவியாகி அறையின் வெப்பத்தைக் கவர்கிறது. பின்பு வெளிப்பெட்டியிலுள்ள கம்ப்ரஸர் அந்த ஆவியை அழுத்துகிறது. அழுத்தப்பட்ட ஆவி கொதிக்கும் சூடடைந்து, வெளிக்காற்றில் தன் வெப்பத்தைக் கொட்டிவிட்டு மீண்டும் திரவமாகிறது. பானையின் நீர் காற்றோடு போய்விடும், ஏ.சி.யின் திரவமோ மீண்டும் மீண்டும் அதே வேலையைச் செய்யும். இவ்வளவே வேறுபாடு.

இதிலிருந்து ஓர் உண்மை புலனாகும். கேஸ் பெட்ரோலைப் போல எரிந்து தீர்வதில்லை. குழாயில் கசிவு இருந்தாலன்றி அது குறையாது. ஆண்டுதோறும் கேஸ் நிரப்ப வேண்டியிருக்கிறது என்றால், முதலில் அடைக்க வேண்டியது கசிவை.

கமலைக் கிணறு

இனி நம் வினாவிற்கு வருவோம். நம் தாத்தாக்கள் காலத்தில் மாடு பூட்டிக் கமலை இறைத்தனர். கிணற்றில் ஊற்று மெதுவாகச் சுரந்தால், சிறிது நேரம் இறைத்ததும் நீர் மட்டம் இறங்கிவிடும். மாடுகளுக்கு ஓய்வு கிடைக்கும். ஊற்று வேகமாகச் சுரந்தாலோ, இறைக்க இறைக்க நீர் ஊறிக்கொண்டே இருக்கும். இறைப்பும் ஊறலும் சமமானால் மட்டம் இறங்காது. மாடுகளுக்கு ஓய்வே இல்லை.

அறைதான் கிணறு, வெப்பமே நீர், ஏ.சி.யே கமலை. அறை நாம் குறித்த அளவிற்குக் குளிர்ந்ததும் தெர்மோஸ்டாட் என்னும் கருவி கம்ப்ரஸரை நிறுத்தும். வெப்பம் மீண்டும் ஊறியதும் இயக்கும். மார்கழியில் ஊறல் குறைவு. சித்திரையிலோ ஊறல் மிகுதி. எனவே ஓய்வு இல்லை.

ஊறலின் வேகம் எதைப் பொறுத்தது? உள்ளும் புறமும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது. அறையை 24 டிகிரியில் வைத்திருக்கிறோம் என்று கொள்வோம். வெளியே 32 டிகிரி இருந்தால் வேறுபாடு 8. வெளியே 40 டிகிரி ஆனால் வேறுபாடு 16. சுவர் வழியே நுழையும் வெப்பம் இரு மடங்காகிவிடுகிறது! அந்த நேரத்தில் புழுக்கம் தாங்காமல் 18 டிகிரிக்குக் குறைத்தால் வேறுபாடு 22 ஆகிறது. சாதாரண ஏ.சி.யில் எண்ணைக் குறைத்தால் விரைவில் குளிரும் என்பதும் தவறான எண்ணம். அது இறைக்கும் வேகம் ஒன்றேதான். எண்ணைக் குறைத்தால் நீண்ட நேரம் இறைக்கும், அவ்வளவே.

கூரையே பெரிய ஊற்று

நம் ஊர்க் கான்கிரீட் கூரை பகல் முழுதும் வெயிலைக் குடிக்கிறது. மாலையில் வெயில் தணிந்த பின்பும், தோசைக்கல்லை அடுப்பிலிருந்து இறக்கிய பின்னும் சூடு இருப்பது போல, இரவு நெடுநேரம் வெப்பத்தைக் கீழே விடுகிறது. இரவு பத்து மணிக்கும் ஏ.சி. ஓயாமல் ஓடுவதன் இரகசியம் இதுவே. மேற்குப் பார்த்த சன்னல் மற்றோர் ஊற்று. கதவிடுக்குகள் மூன்றாவது. நாமும் ஊற்றுகளே! அமைதியாக அமர்ந்திருக்கும் ஒருவர் உடலிலிருந்து ஏறத்தாழ 100 வாட் வெப்பம் வெளியாகிறது. விருந்தினர் ஐவர் வந்தால், ஐந்து பழைய குண்டு பல்புகளை எரியவிட்டதற்குச் சமம்.

ஏ.சி.யின் வலிமையை 'டன்' என்று கூறுகிறோம். இது இயந்திரத்தின் எடையன்று. பனிக்கட்டி விற்ற காலத்தின் அளவு அது. ஏறத்தாழ 907 கிலோ பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை ஈர்க்குமோ, அவ்வளவு வெப்பத்தை வெளியேற்றும் இயந்திரமே ஒரு டன் ஏ.சி. அதாவது சுமார் 3.5 கிலோவாட். இவ்வலிமையும் பொதுவாக வெளியே 35 டிகிரி இருக்கும் நிலையில் அளக்கப்படுவது. வெளியே 40ஐத் தாண்டினால் வெளிப்பெட்டி தன் வெப்பத்தைக் கொட்டத் திணறும். இறைக்கும் ஆற்றல் குறையும். மின்சாரச் செலவு மட்டும் கூடும். தேவை மிகுந்த நேரத்தில் வலிமை குறைகிறது. பாவம், அந்தக் கமலை மாடு!

எது பழுது, எது பழுதன்று?

இன்வர்ட்டர் ஏ.சி.க்கள் நிற்காமல் ஓடுவதே அவற்றின் இயல்பு. அறை குளிர்ந்ததும் அவை நிற்பதில்லை. வேகத்தைக் குறைத்துக்கொண்டு மெல்ல ஓடுகின்றன. ஆகவே ஓட்டத்தைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. சாதாரண ஏ.சி. நடுப்பகலில் நிற்காமல் ஓடினாலும், நல்ல குளிர்காற்று வந்து அறை இதமாக இருக்குமானால் அதுவும் பழுதன்று. ஆனால் விடியற்காலையில் வெளியே குளிர்ந்த பின்பும் அது நிற்கவில்லையா? வரும் காற்று குளிரவில்லையா? குழாயில் பனி படிந்திருக்கிறதா? அப்பொழுது கவனிக்க வேண்டும். முதலில் வடிகட்டியைக் கழற்றிப் பாருங்கள். நம் ஊர்ப் புழுதி அதை எளிதில் அடைத்துவிடும். அடைபட்டால் காற்று குறையும், அறை குளிராது. தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்தி மாட்டினாலே பல நேரங்களில் தொல்லை தீரும். வெளிப்பெட்டியின் முன் பழைய சாமான்களை அடுக்கிக் காற்றைத் தடுப்பதும் கூடாது.

நாம் செய்யத் தக்கவை

கமலையைத் திட்டுவதை விட ஊற்றை அடைப்பதே அறிவு. மொட்டைமாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்போ வெண்ணிறப் பூச்சோ பூசினால் வெயில் பெருமளவு திரும்பிப் போகும். மேற்குச் சன்னலுக்கு வெளிப்புறம் தட்டி கட்டலாம். கதவிடுக்கில் துணி வைக்கலாம். மின்விசிறியையும் சேர்த்துப் போட்டால் 26 அல்லது 27 டிகிரியே இதமாக இருக்கும். ஒரு டிகிரி உயர்த்தினால் ஏறக்குறைய 6 விழுக்காடு மின்சாரம் மிஞ்சும் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு கூறுகிறது. 2020ஆம் ஆண்டு முதல் நட்சத்திரக் குறி பெற்ற அறை ஏ.சி.க்கள் இயக்கியதும் 24 டிகிரியில் தொடங்கும்படி செய்யப்பட்டதும் இதனாலேயே. நம் ஊரின் உலர்காற்றில் ஏர் கூலரும் வெட்டிவேர்த் தட்டியும் நன்கு வேலை செய்யும் என்பதை மறத்தல் ஆகாது.

தோழியரே! 2024ஆம் ஆண்டுக் கோடையில் தமிழகத்தின் உச்ச மின்தேவை 20,000 மெகாவாட்டைத் தாண்டியது. அதில் நம் வீட்டுப் பங்கும் உண்டு. நம் அறையிலிருந்து எடுத்த வெப்பம் மறைந்துவிடுவதில்லை. அது சந்தில் கொட்டப்படுகிறது; தகரக் கூரையின் கீழ் உறங்கும் அண்டை வீட்டாரையே அடைகிறது. பட்டாசுத் தொழிற்சாலைகளில் மருந்து கையாளும் அறைகளில் மின்விசிறி கூடச் சுழல்வதில்லை. ஒரு மின்பொறி போதும் உயிரைப் பறிக்க. அந்த வெக்கையில் உழைத்துத் திரும்பும் அன்னையரின் பிள்ளைகளும் நம்முடன் ஒரே பெஞ்சில் அமர்ந்து படிக்கின்றனர்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'லவ்தாத்தோ சீ' என்னும் சுற்றுமடலில், பூமிக்குக் கேடு தரும் நுகர்வுப் பழக்கத்திற்கு எடுத்துக்காட்டாக இந்த ஏ.சி.யையே குறிப்பிட்டுள்ளார். ஏ.சி.யை வெறுக்க வேண்டும் என்பது இதன் பொருளன்று. முதியோருக்கும் நோயாளிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் கடுங்கோடையில் அது உயிர்காக்கும் துணை. தேவையறிந்து பயன்படுத்துவோம். இவ்வாண்டுக் கோடை விடுமுறையில் ஒவ்வொருவரும் நம் வீட்டு மொட்டைமாடிக்கு ஒரு வாளி சுண்ணாம்பு பூசுவோம். வீடும் குளிரும், அண்டை வீட்டாரின் சந்திலும் வெக்கை குறையும்.