நாயின் குருதிக் கணக்கும் எலும்பு மச்சையும்

சிகாமட்டைப் போலத் தோட்டங்கள் சூழ்ந்த ஊர்களில் நாய் வளர்ப்போர்க்கு உண்ணி புதிதன்று. செவிமடலில் ஒட்டியிருப்பதைப் பிடுங்கி எறிந்துவிட்டு மறந்துவிடுகிறோம். அப்பழுப்பு உண்ணி, கடிக்கும்போது எர்லிக்கியா கேனிஸ் என்னும் நுண்ணுயிரியை நாயின் உடலுள் செலுத்திவிடக்கூடும். 1935இல் அல்ஜீரியாவில் முதன்முதலாக விவரிக்கப்பட்ட இந்நோய், 1960களில் நம் அண்டை நாடான சிங்கப்பூரில் பிரிட்டிஷ் படை நாய்களையும், பின்னர் வியட்நாமில் அமெரிக்கப் படை நாய்களையும் தாக்கியது. மூக்கில் குருதி ஒழுகிப் பல நாய்கள் மடிந்தன. சிவப்பணு, வெள்ளணு, தட்டணு ஆகிய மூன்றும் ஒருங்கே குறைவதையே அந்நோயின் பெயராக அன்றைய மருத்துவர்கள் சூட்டினர்.

நலமுள்ள நாயின் ஒரு மைக்ரோலிட்டர் குருதியில் சிவப்பணுக்கள் ஏறத்தாழ 55 முதல் 85 இலட்சம், வெள்ளணுக்கள் 6,000 முதல் 17,000, தட்டணுக்கள் 2 முதல் 5 இலட்சம் இருக்கும். இவ்வெண்கள் இருப்பை மட்டுமே காட்டுவன. பானையில் அரிசி குறைந்தது கண்ணுக்குத் தெரியும். உண்டு தீர்ந்ததா, கடையிலிருந்தே வரவில்லையா என்பதைப் பானை சொல்லாது.

அணுக்களின் வாழ்நாளை அறிந்தால் இக்கணக்கு ஓரளவு தெளிவுபெறும். நாயின் சிவப்பணு ஏறக்குறைய 110 நாள் வாழும். தட்டணு ஒரு வாரமளவே. வெள்ளணுக்களுள் பெரும்பான்மையான நியூட்ரோபில், குருதியில் அரை நாளுக்கு மேல் தங்குவதில்லை. ஆகவே மச்சை உற்பத்தியை நிறுத்தினால் வெள்ளணுவும் தட்டணுவும் முதலில் சரியும். சோகை மெல்லப் பின்தொடரும். சோகை கண்ட நாயின் குருதியில் இளஞ்சிவப்பணுக்கள் மிகுந்திருந்தால் மச்சை உழைக்கிறது என்று பொருள். எனினும் அவை பெருக மூன்று நான்கு நாள் ஆகும். குருதி இழந்த மறுநாளே அவற்றைக் காணோம் என்று மச்சையைப் பழித்தல் தகாது. குதிரையோ இளஞ்சிவப்பணுக்களைக் குருதியில் விடுவதே இல்லை! பூனையின் தட்டணுக்கள் கட்டியாகத் திரண்டு எண்ணும் பொறியை ஏமாற்றுவதும் உண்டு. கண்ணாடித் தகட்டில் பூசி நுண்ணோக்கியில் ஒருமுறை பார்க்காமல் அவ்வெண்ணை நம்புதல் பிழை என்பதே நம் கருத்து.

எல்லா நாய்க்கும் மச்சைச் சோதனை வேண்டியதில்லை. அணுக்கள் குறைந்து, காரணமும் புலப்படாதபோது மருத்துவர் ஊசியை நாடுவார். நாயை மயக்கி, மேற்கை எலும்பின் தலைப்பகுதியிலோ இடுப்பெலும்பிலோ ஊசி செலுத்தி மச்சையை உறிஞ்சுவர். இரு நாய்களுக்குத் தட்டணு 20,000 என்றே இருக்கட்டும். ஒன்றன் மச்சையில் தட்டணுவை ஈனும் பெரிய தாயணுக்கள் நிறைந்துள்ளன. அழிவு வெளியே நிகழ்கிறது. உண்ணி நோயின் தொடக்கநிலை இத்தகையது. டாக்சிசைக்ளின் மருந்தால் பெரும்பாலும் சில நாள்களிலேயே தேறும். மற்றதன் மச்சையில் கொழுப்பே எஞ்சியுள்ளது. நாட்பட்ட நோயின் அந்நிலையில் பிழைப்பது அரிது.

ஊசியில் ஒன்றும் வரவில்லையெனில் மச்சை வறண்டது என்று உடனே முடிவுகட்டலாகாது. ஊசி இடம் தவறியிருக்கலாம். மச்சை நாராக இறுகியிருக்கலாம். அந்நிலையில் எலும்போடு சிறு துண்டொன்றை எடுத்துப் பார்ப்பர். எதை எடுத்தாலும், அன்றே எடுத்த குருதியின் கணக்கும் உடன் இருந்தால்தான் நோயியலார் அதனைச் சரிவரப் படிக்க இயலும்.